பயாதேர்: நாஞ்சில் நாட்டில் ஒரு கோடு போட்ட துணியின் பின்னால்

வெள்ளி, வடசேரி

கரூரில் திரைச்சீலை, மேசை விரிப்பு ஏற்றுமதி செய்கிறவர்களிடம் 'பயாதேர்' என்று சொன்னால் அடுத்த கேள்வியே வராது. குறுக்குக் கோடு. ஒன்றுக்கொன்று பிடிவாதமாக ஒட்டாத நிறங்களில், துணியின் அகலத்துக்கு ஓடும் பட்டைகள். சிவப்புக்குப் பக்கத்தில் மஞ்சள், அதையடுத்து கரும்பச்சை. ஆர்டர் தாளில் பிரெஞ்சுப் பெயர், தறியில் நம் நூல். பல வருடமாக இப்படித்தான் ஓடுகிறது.

அந்தப் பிரெஞ்சுச் சொல்லுக்கு முதல் பொருள் துணி இல்லை, ஆடுகிறவள். அதுவும் ஏதோ ஒரு ஊர் ஆட்டக்காரி இல்லை, நம் கோயில்களில் ஆடியவள். போர்ச்சுகீசியர் அவளைப் 'பைலதெய்ரா' என்றார்கள். 'பைலார்' என்றால் ஆடுவது. 'தெய்ரா' என்ற முடிவு அதைச் செய்கிற பெண்ணைக் குறிக்கும். பிரெஞ்சுக்காரர் வாயில் அது பயாதேர் ஆனது. பெண்ணுக்கு வைத்த பெயர் பிறகு அவள் உடையின் பெயராகக் கோட்டுத் துணிமேல் ஏறியது. அப்புறம் நகைக்கும் போனது: முத்துச் சரங்களை முறுக்கி, இரண்டு முனையிலும் குஞ்சலம் வைத்த நீண்ட மாலைக்கும் ஐரோப்பிய நகைக்கடைகளில் இதே பெயர்தான்.

துணி, ஆட்டம், நகை மூன்றையும் ஒரே பயணத்தில் பார்க்க வேண்டுமென்றால் எனக்குத் தெரிந்து நாகர்கோவில்தான் வசதி. நெசவும் கோயில் நகையும் வடசேரியிலேயே. சுசீந்திரமும் பத்மநாபபுரமும் டவுன் பஸ் தூரம். கோவையிலிருந்து வரும் ராத்திரி ரயிலில் கரூரில் ஏறினேன், விடியுமுன்பே இறக்கிவிட்டது. இரண்டு மட்டிப்பழம், ஒரு சுக்குக் காப்பி, அவ்வளவுதான் காலைச் சாப்பாடு.

வடசேரியில் இப்போது தறிச்சத்தம் கேட்கும் வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கிருஷ்ணன் கோயில் பக்கம் விசாரித்து விசாரித்து ஒரு வீட்டுக்குப் போனேன். குழித்தறி. அறுபதைத் தாண்டிய ஒரு அண்ணாச்சி காலைக் குழிக்குள் விட்டு உட்கார்ந்து துவர்த்து, அதாவது துவட்டும் துண்டு, நெய்துகொண்டிருந்தார். வெள்ளைப் பாவு, ஓரத்தில் மட்டும் நீலம். நான் கொண்டுபோன கோட்டுத் துணித் துண்டைக் கையில் வாங்கியவர் முதலில் நிறத்தைப் பார்க்கவில்லை. இழையைப் பிரித்துப் பார்த்தார். எது பாவு (நெடுக்காக ஓடும் நூல்), எது ஊடை (குறுக்காக ஓடும் நூல்) என்று கண்டுபிடித்த பிறகுதான் பேசினார்.

"நெடுக்க கோடு போடது ஒரு காரியமே இல்ல மக்கா. பாவு ஓடும்போ கலரை ஒரு தடவ அடுக்கிட்டாப் போரும், துணி முடியது வரைக்கும் அது பாட்டுக்கு வரும். குறுக்க வேணும்னா ஒவ்வொரு கோட்டுக்கும் கையி நிக்கணும்லா."

செய்தும் காட்டினார். ஊடை நூலை இங்குமங்கும் கொண்டுபோகும் கட்டைக்கு நாடா என்று பெயர், அதற்குள் இருக்கும் நூல் சுற்றிய குழல் தார். வெள்ளை நூல் தார் வைத்த நாடாவை எடுத்துவிட்டு, சிவப்புத் தார் வைத்த நாடாவை வைத்தார். ஆறு இழை ஓட்டினார். நிறுத்தினார். சிவப்பின் நுனியைக் கரையோரம் திரும்ப உள்ளே மடித்துச் சொருகினார், இல்லாவிட்டால் அது தொங்கிக்கொண்டே இருக்கும். மறுபடி வெள்ளை. ஒரு விரல் அகலக் கோட்டுக்கு இவ்வளவு நேரம். என் கையிலிருந்த துண்டில் ஒரு சாணுக்குள் பதினொரு கோடு இருந்தது. கரூரில் விசைத்தறியில் நாடாப் பெட்டி தானாக மாறிவிடும், யாரும் நிற்பதில்லை. குழித்தறியில் இதே துணிக்கு என்ன கூலி ஆகும் என்று கேட்டேன். "அத நீங்க குடுக்க மாட்டிய" என்று சிரித்தார்.

அடுத்து அவர் செய்ததுதான் இந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த பெரிய விஷயம். "குறுக்கக் கோடுதானே வேணும்? இங்க பாரும்" என்று கொடியில் கிடந்த தன் சாரத்தை எடுத்தார். வெளியூர்க்காரர்கள் கைலி, லுங்கி என்பது இங்கே சாரம். அதில் ஓடிய கோடெல்லாம் பாவுக் கோடு, அதாவது நெடுக்குக் கோடு. எழுந்து அதை இடுப்பில் சுற்றினார். கோடெல்லாம் குறுக்கே படுத்துவிட்டது!

யோசித்துப் பார்த்தால் எவ்வளவு எளிய கணக்கு. சேலையோ வேட்டியோ சாரமோ, துணியின் நீளம் உடம்பைச் சுற்றி வருகிறது. ஆகவே தறியில் நெடுக்காக ஓடிய கோடு உடம்பில் குறுக்காகத் தெரியும். ஐரோப்பியத் தையற்காரர் பாவாடை வெட்டுகிற முறை வேறு. துணியின் நீளம் இடுப்பிலிருந்து பாதம் நோக்கி இறங்கும். அந்த வெட்டில் குறுக்குக் கோடு வேண்டுமென்றால் ஊடையில்தான் போட்டாக வேண்டும். கோட்டுச் சேலை கட்டிய ஆட்டக்காரியைப் பார்த்தவன் கண்ணில் பட்டது உடம்பைச் சுற்றிய வளையங்கள். அதைத் தன் ஊர்ப் பாவாடையில் கொண்டுவர, அந்த ஊர் நெசவாளி ஒவ்வொரு கோட்டுக்கும் நாடா மாற்றியிருக்கிறான். நம் தறியில் சுலபமாக வந்ததை அவர்கள் தறியில் சிரமப்பட்டுச் செய்து, அதற்கு நம் பெண்களின் பெயரை வைத்தார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் கூடைபோல விரிந்த பாவாடைகள் ஐரோப்பாவில் நாகரிகமாக இருந்தபோது இந்தக் குறுக்குப் பட்டைக்கு நல்ல கிராக்கி.

அண்ணாச்சியிடம் பிரெஞ்சுப் பெயரைச் சொன்னேன். ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். "தேர் மாதிரி இருக்கு" என்றார்.

சனி, சுசீந்திரம்

தாணுமாலயன் கோயிலில் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். காலை ஏழு மணிக்கே நல்ல கூட்டம். இசைத் தூண்களைத் தட்டிக் காட்டச் சொல்லி ஒரு குடும்பம் காவலரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தது. அனுமாரையும் தூண்களையும் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள், நான் பிராகாரத்துக்குப் போய்விட்டேன்.

நீண்ட பிராகாரத்தின் இரண்டு பக்கமும் தூணுக்குத் தூண் பாவை விளக்குகள். கையில் அகல் ஏந்திய கல் பெண்கள். ஒவ்வொருத்தியாக உடையை மட்டும் பார்த்துக்கொண்டே போனேன். எண்ணெய்ப் பிசுக்கு ஏறிக் கறுத்த ஒருத்தியின் தொடைமேல் கோடுகள் இருந்தன. இரண்டு மெல்லிய கோடு, ஒரு இடைவெளி, மறுபடி இரண்டு. தொடையின் வளைவைச் சுற்றிக் குறுக்கே போகின்றன. நேற்று சாரத்தில் பார்த்த அதே போக்கு. விரலை வைத்தால் பள்ளம் தட்டுப்படுகிறது. சிற்பிக்குத் தறி தெரிந்திருக்கிறது, அல்லது துணி கட்டியவர்களை நன்றாகப் பார்த்திருக்கிறான்.

பயாதேர் என்று வெளியார் அழைத்த பெண்கள் இங்கே என்ன பெயரில் இருந்தார்கள்? தென் திருவிதாங்கூரில் அவர்களைக் 'குடிக்காரி' என்றும் 'பெண்டுகள்' என்றும் அழைத்தார்கள். எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட சாதிகள் பற்றிய தொகுதிகளில் இந்த இரண்டு பெயரும் பதிவாகியிருக்கின்றன. குடி என்றால் வீடு. அரசு வாடகையில்லாமல் கொடுத்த வீட்டில் இருப்பவள் என்பதால் குடிக்காரி. இன்றைக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் யாருக்கும் வீடு ஞாபகம் வராது, மதுக்கடைதான் ஞாபகம் வரும்.

'பெண்டுகள்' இன்னும் பழையது. ராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் கொண்டுவந்து குடியேற்றிய 400 பேரைக் கல்வெட்டு 'தளிச்சேரிப் பெண்டுகள்' என்றுதான் சொல்கிறது. ஒவ்வொருத்திக்கும் ஒரு வீடு, ஒரு பங்கு. பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், பெயர் என்ன, தெருவில் எத்தனையாவது வீடு என்று ஆள் ஆளாக வெட்டிவைத்திருக்கிறார்கள். அதே ராஜராஜன் காலத்தில் சோழர் கை நாஞ்சில் நாட்டிலும் இருந்தது. சுசீந்திரத்துக்குச் 'சுந்தரசோழ சதுர்வேதிமங்கலம்' என்றும், கோட்டாற்றுக்கு 'மும்முடிச்சோழநல்லூர்' என்றும் பெயர் இருந்தது அதனால்தான். தஞ்சைக் கல்வெட்டில் இருந்த சொல் ஒன்பது நூற்றாண்டு கழித்துத் திருவிதாங்கூர்ப் பேச்சிலும் இருந்தது என்றால், அது சும்மா ஒட்டிக்கொண்டிருந்த சொல் இல்லை. வீடும் நெல்லும் வேலையும் கூடவே இருந்திருக்கின்றன.

பிறகு என்ன ஆனது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். நிலமும் மானியமும் கைமாறின. புரவலர்கள் எசமானர்கள் ஆனார்கள். பொட்டுக் கட்டிக் கோயிலுக்கு நேர்ந்துவிடுவதில் சிறுமியின் விருப்பம் என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போனது. திருவிதாங்கூரில் சேது லட்சுமி பாய் அரசப் பொறுப்பில் இருந்தபோது, 1930இல், கோயில்களில் இந்தத் தேவதாசி முறை நிறுத்தப்பட்டது. வடக்கே சென்னை மாகாணத்தில் சட்டம் வர 1947 ஆயிற்று. முத்துலட்சுமி ரெட்டி அங்கே சட்டமன்றத்தில் குரல் எழுப்பி இருபது ஆண்டுக்குப் பிறகு! இந்த மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1இல் என்பதால், நம் வரலாற்றுப் புத்தகங்களில் அந்த 1930 பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு.

முறை போனது சரி. சொற்கள் போன விதம்தான் எனக்கு உறுத்துகிறது. தேவரடியார் என்ற சொல்லைத் தேய்த்துத் தேய்த்துத் தெருச்சண்டை வசையாக்கி வைத்திருக்கிறோம். அதே பெண்களுக்கு வெளியார் வைத்த பெயர் பட்டுத் துணியிலும் முத்து மாலையிலும் போய் உட்கார்ந்துவிட்டது. வசையானதிலும் சரி, விலைச்சீட்டு ஆனதிலும் சரி, அந்தப் பெண்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தெப்பக்குளக் கரையில் ஒரு பாட்டி தாமரை விற்றுக்கொண்டிருந்தார். "இந்தத் தெருவுல முன்ன கோயிலுக்கு ஆடுறவுக இருந்தாகளா பாட்டி?" என்று கேட்டேன். பூவை அடுக்கிக்கொண்டே, "அதையெல்லாம் எதுக்குக் கிளறுகிய மக்கா? பூ வேணுமா?" என்றார். வாங்கிக்கொண்டேன். அதற்குமேல் கேட்க எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

ஞாயிறு, பத்மநாபபுரம்

திங்கட்கிழமை அரண்மனை மூடியிருக்கும், அதனால் ஞாயிறு நெரிசலிலேயே போக வேண்டியதாயிற்று. தக்கலை வரை பஸ், அங்கிருந்து ஆட்டோ. இடம் தமிழ்நாட்டில், நிர்வாகம் கேரள அரசிடம். நுழைவுச் சீட்டிலேயே அது தெரிந்துவிடும்.

மரமும் நிழலுமாக எல்லா அறைகளையும் கடந்து நவராத்திரி மண்டபத்துக்கு வந்தால் சட்டென்று கல். அரண்மனையில் மற்றதெல்லாம் மரமாக இருக்க, இது மட்டும் கல் தூண்களோடு நிற்கிறது. தரை கறுப்பாகப் பளபளக்கிறது. முட்டை வெள்ளைக்கரு, சுட்ட சிரட்டைக் கரி, சுண்ணாம்பு எல்லாம் சேர்த்து இழைத்த தரை என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். குனிந்தால் தூணின் நிழல் தெரிகிறது. நவராத்திரிக்கு இங்கேதான் ஆட்டமும் பாட்டும். 1795இல் தலைநகரம் திருவனந்தபுரத்துக்குப் போனபிறகு விழாவும் அங்கே போயிற்று. இப்போதும் ஒவ்வொரு வருடமும் இங்கிருந்து சரஸ்வதியும், வேளிமலை முருகனும், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் ஊர்வலமாகத் திருவனந்தபுரம் போய்த் திரும்புகிறார்கள்.

மண்டபத்துக்குப் பக்கத்தில் மரச்சட்டத் திரை வைத்த அறை. அரண்மனைப் பெண்கள் அதற்குப் பின்னால் உட்கார்ந்து ஆட்டம் பார்ப்பார்களாம். ஆடுகிறவளுக்கு அவர்கள் தெரிய மாட்டார்கள். நான் சட்டத்தில் கண்ணை வைத்துப் பார்த்தேன். வெளியே நின்ற பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லோரும் கோடு கோடாகத் தெரிந்தார்கள்.

இங்கே உட்கார்ந்துதான் பாரிஸ் கதையை எழுதுகிறேன், இடம் பொருத்தமாக இருக்கிறது.

ஐரோப்பாவில் இருந்தவர்கள் பயாதேரைத் தங்கள் ஊரில் பார்ப்பதற்கு முன்பே அவளைப் பற்றிப் பாட்டும் கூத்தும் செய்துவிட்டார்கள். ஜெர்மன் கவிஞர் கெதே 1797இலேயே கடவுளும் பயாதேரும் என்று ஒரு கதைப்பாட்டு எழுதினார். 1830இல் அதே தலைப்பில் பாரிசில் ஓபரா வந்தது. பாலே ஆட்டக்காரி மரீ தக்லியோனி கட்டைவிரல் நுனியில் நின்று, வெள்ளைச் சல்லாவில் பயாதேராக ஆடினார். கூட்டம் மயங்கியது. எட்டு வருடம் கழித்து, 1838இல், அசல் ஆட்டக்காரிகளே வந்து இறங்கினார்கள். கடலூருக்குப் பக்கத்துத் திருவயிந்திரபுரத்திலிருந்து தார்திவெல் என்ற பிரெஞ்சு வியாபாரி ஒப்பந்தம் போட்டு அழைத்துப்போன குழு. ஐந்து பெண்கள், மூன்று இசைக்காரர்கள். நடுவில் அம்மணி, வயது பதினெட்டு. மூத்தவர் தில்லம்மாள். கடைக்குட்டி வேதத்துக்கு ஆறு வயதுதான். பாரிசின் வாரியேத்தே அரங்கில் ஆடினார்கள். பிறகு லண்டன் அடெல்ஃபி அரங்கில்.

தக்லியோனியைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இவர்கள் ஆட்டம் புரியவில்லை. காலைத் தரையில் அழுத்தி வைக்கிறார்கள், முழங்காலை மடக்குகிறார்கள், கண்ணையும் விரலையும் வைத்துக் கதை சொல்கிறார்கள். இதுதான் பயாதேரா என்று கேட்டவர்கள் உண்டு. எழுத்தாளர் தியோஃபில் கோத்தியே போன்ற சிலர் அம்மணியைப் பார்த்துப் பக்கம் பக்கமாக எழுதினார்கள். பார் என்ற சிற்பி அம்மணியின் ஆட்ட நிலையை வெண்கலச் சிலையாக வார்த்தார். திருவயிந்திரபுரம் தேவநாதசாமி கோயிலில் ஆடிய பெண்ணின் உருவம் பாரிசில் வெண்கலமாகிவிட்டது, இங்கே அவளுக்கு ஒரு தெருப்பெயர்கூட இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

அதற்கப்புறம்தான் ரஷ்யா. 1877இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் மாரியஸ் பெத்திபா பயாதேர் என்ற பெயரிலேயே பாலே அமைத்தார். லுத்விக் மிங்குஸ் இசை. கோயில் ஆட்டக்காரி நிக்கியா, அவளைக் காதலிக்கும் வீரன் சோலோர், பூக்கூடைக்குள் ஒளித்துவைத்த பாம்பு கடித்து அவள் சாவு. மிகப் பிரபலமான கட்டம் அதற்குப் பிறகு வருகிறது. அபின் மயக்கத்தில் அவன் காணும் கனவில், வெள்ளை உடுத்த பெண்கள் ஒருத்தி பின் ஒருத்தியாகச் சரிவில் இறங்கி வருகிறார்கள், எல்லோரும் ஒரே அசைவில். அருமையான காட்சி, மறுக்க மாட்டேன். ஆனால் மேடை முழுக்கத் தேடினாலும் ஒரு கோடு கிடைக்காது! பெயரை வைத்துக்கொண்டு உடையையும் வெளுத்துவிட்டார்கள்.

இன்னொன்றும் உண்டு. பாலே என்ற சொல்லும் பயாதேர் என்ற சொல்லும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். பிற்கால லத்தீனில் ஆடுவதைக் குறித்த 'பல்லாரே'யிலிருந்து இரண்டும் பிறந்தவை. ஒன்று இத்தாலி, பிரான்ஸ் வழியாக அரண்மனைக்குப் போயிற்று. மற்றொன்று போர்ச்சுகல் வழியாகக் கப்பலேறி நம் கரைக்கு வந்து திரும்பிப் போயிற்று. பீட்டர்ஸ்பர்க் மேடையில் இரண்டும் மறுபடி சந்தித்துக்கொண்டன.

திங்கள், கோட்டாறு

மழை. கோட்டாறு சவேரியார் கோயில் வரைதான் போக முடிந்தது. போர்ச்சுகீசியர் காலத்தில், 1544இல், சவேரியார் இந்தக் கடற்கரை ஊர்களில் நடந்து திருமுழுக்குக் கொடுத்துக்கொண்டு போனார். அவர்கள் பேச்சிலிருந்து நமக்குக் கிடைத்தவை சாவி, சன்னல், அலமாரி, மேசை, பீப்பாய், ஏலம். எல்லாம் கையில் பிடிக்கிற, பூட்டுகிற, விற்கிற காரியம். பைலதெய்ரா மட்டும் நம் பேச்சில் இறங்கவே இல்லை. நம்மிடம் அந்த ஆளுக்குப் பெயர் ஏற்கெனவே இருந்தது, இரவல் தேவைப்படவில்லை.

மத்தியானத்துக்கு மேல் அறையிலேயே இருந்தேன். ரசவடை நன்றாக இருந்தது.

செவ்வாய், மறுபடி வடசேரி

கோயில் நகைப் பட்டறை. இந்த நகைக்கு நாகர்கோவில் கோயில் நகை என்ற பெயரில் புவிசார் குறியீடு இருக்கிறது. ஒரு காலத்தில் சாமிக்கும் ஆட்டக்காரிக்கும் மட்டும் செய்த நகை, இன்று பரதநாட்டிய அரங்கேற்றம் நடக்கிற எல்லா ஊருக்கும் போகிறது. சிறிய அறை, சன்னலோரம் வெளிச்சத்தில் உட்கார்ந்து ஒரு அக்கா, பின்தலையில் வைக்கும் ராக்கொடிக்குக் கெம்புக் கல் (சிவப்புக் கல்) பதித்துக்கொண்டிருந்தார். வெள்ளித் தகட்டில் அறை அறையாகக் கட்டி, ஒவ்வொரு அறையிலும் கல்லை இறக்கி, சுற்றித் தங்கத் தாளை நுனிக்கம்பியால் அழுத்தி அழுத்தி மூடுகிறார். கல்லுக்கும் தாளுக்கும் நடுவில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் கல் உதிர்ந்துவிடுமாம். சூரியப்பிரபை, சந்திரப்பிரபை, நெற்றிச்சுட்டி, வங்கி, ஒட்டியாணம் என்று மேசையில் ஒரு முழுத் 'தலைச்சாமான்' செட்டும் கை, இடுப்புச் சாமான்களும் பிரிந்து கிடந்தன.

செல்போனில் ஒரு பயாதேர் மாலையின் படத்தைக் காட்டினேன். பொடி முத்துச் சரங்களை முறுக்கி, முனையில் குஞ்சலம் வைத்தது. அக்கா பெரிதாக்கிப் பார்த்தார்.

"இது ஆடதுக்கு ஆகாது தம்பி."

"ஏங்க்கா?"

"இம்புட்டு நீளம் போட்டு ஆடினா ரெண்டாவது அடவுலயே கை மாட்டிக்கிடும். குஞ்சலம் மூஞ்சியில அடிக்கும். ஆடுகவளுக்கு எல்லாம் ஒடம்போட ஒட்டிக் கிடக்கணும்லா. இது சும்மா உக்காந்திருக்கவளுக்கு."

அவர் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன். இதற்குமேல் நான் சேர்க்க ஒன்றுமில்லை.

அண்ணாச்சியிடம் மூன்று முழம் துணி சொல்லிவிட்டு வந்திருக்கிறேன், பாவுக் கோட்டில். முன்பணம் வாங்க மறுத்துவிட்டார், பாவு ஓட்டுகிற அன்றைக்குப் போன் செய்வாராம்.

போகிறவர்களுக்கு: சுசீந்திரத்தில் பிராகாரச் சிற்பம் பார்க்க வேண்டுமானால் காலையில் நடை திறந்ததும் போய்விடுங்கள், பத்து மணிக்கு மேல் நிற்க இடமிருக்காது. பத்மநாபபுரத்தில் நவராத்திரி மண்டபத்தை வேகமாகக் கடத்திவிடுவார்கள், கூட்டத்தை முன்னே விட்டுப் பின்தங்குங்கள். வடசேரிப் பட்டறைகளில் மத்தியானம் வேலை நிற்கும், படம் எடுக்குமுன் கேளுங்கள். தறி வீட்டுக்குப் போனால் சும்மா பார்த்துவிட்டு வராமல் ஒரு துவர்த்தாவது வாங்குங்கள்.